பிரிக்காமல் விட்ட தையல்

நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக அந்தக் கத்தரிப்பூ நிறச் சட்டையை எடுத்தேன். நீர் தைத்துத் தந்த சேலைச் சட்டைகளில் என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மற்றவை நான் பருத்த பருமனுக்கு ஆகாமல் யார் யாருக்கோ போய்விட்டன. இதை மட்டும் பக்கத் தையல்களைப் பிரித்துப் பிரித்து இளக்கி வைத்திருக்கிறேன். நீர் எப்போதும் உள்ளே துணியைத் தாராளமாக மடித்துவிடுவீர். "உமக்கு உதவும், வைச்சிரும்" என்று என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

மருமகள்தான் கொளுக்கி மாட்டிவிட்டாள். சட்டையின் வலது கையைப் பார்த்துவிட்டு, "மாமி, இதை ஆர் தைச்சது? தையல் கோணிக்கொண்டு போகுது. கழட்டுங்கோ, ஒரு நிமிசத்திலை மெஷினிலை ஓட்டித் தாறன்" என்றாள். தொடாதே என்று நான் சொன்ன வேகத்தில் பிள்ளை பயந்துபோனாள். அந்தக் கையில் உம்முடைய நோவெண்ணெய் மணம் இன்னும் இருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். மருமகளிடம் முகரக் கொடுத்தேன், சவர்க்கார மணம்தான் வருகிறது என்றாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற பிரெஞ்சுத் தெருவின் மேல் முனையில், ஒரு சாமான் கடைக்கு மேலே, நாலாம் மாடியில் உம்முடைய அறை. நீர் மாதா கோயிலுக்குப் போகும் மன்னார் வேதக்காரி, நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. நான் அப்போது ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை துணி கொண்டுவந்தபோது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "கை எப்ப விடுதோ அப்ப" என்றீர். என்ன திமிர் பிடித்த மனுசி என்று முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினேன். அடுத்த முறை வந்தபோது கதவைத் திறக்கவே உமக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. கதவுப் பிடியைத் திருப்ப விரல்கள் மடங்கவில்லை. நான் வெட்கப்பட்டு நின்றேன், நீர் தேத்தண்ணீர் போடச் சொல்லி என்னை அடுப்படிக்கு அனுப்பினீர்.

மூட்டுவாதம் என்றார்கள் டொக்டர்மார். நீர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தீர். "சொல்லாமல் கொள்ளாமல் வருவார், வந்தால் வேறை வேலை பாக்க விடார், போகேக்கையும் சொல்லமாட்டார்" என்பீர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவருக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்ததே என்று நானும் சேர்ந்து பகிடி பண்ணுவேன். மாலையில் ஊசியில் ஒரே தரத்தில் நூல் கோர்த்த அதே விரல்கள் விடியும்போது வீங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் ஒன்றும் நடவாததுபோல வீக்கம் இறங்கிவிடும். எதற்கு வருகிறது, எதற்குப் போகிறது என்று உமக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

அதனால்தான் நீர் யாருக்கும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. கை நல்லாக இருந்தால் ஜன்னலில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அதைக் கண்டால் மேலே வரலாம். காணாவிட்டால் நாலு மாடி ஏறவேண்டாம். மெத்ரோ ரயிலால் இறங்கி வரும் எங்கள் பெண்கள், மரக்கறி வாங்கப் போகிற வழியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவார்கள். முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று அந்தரப்படுகிறவர்களை நீரே வேறு ஆளிடம் அனுப்பிவிடுவீர். மாப்பிள்ளை வந்திருக்கும் நாளில் பிடிவாதமாகத் தைத்த தையல்களை, கை இறங்கியதும் முழுக்கப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பீர். கோணல் தையல் ஒன்று உம்முடைய வாசற்படியைத் தாண்டினதில்லை. கொளுக்கி வைக்கிற வேலையை மட்டும் என்னிடம் தருவீர். அதையும் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்.

நோயால் உழைக்க முடியாத வருத்தக்காரருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம் உமக்கு வந்துகொண்டிருந்தது. வாடகை அதில் போகும், சாப்பாடு தையலில் போகும். ஒன்று இல்லாமல் மற்றது போதாது. இந்த நிலையில்தான் தையலை ஒரு தொழிலாக அரசாங்கத்தில் முறைப்படி பதியப்போகிறேன் என்று நீர் வெளிக்கிட்டீர். உழைப்பைக் காட்டினால் உதவிப்பணம் நிற்கும் என்று தெரு முழுக்கச் சிரித்தது. மெஷினுக்கு மேலே சேலையைப் போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இரும் என்றார்கள் சிலர். தைக்கத் தெரிந்தவளுக்கு எதற்கு அரசாங்கத்துக் காசு என்று கேட்டார்கள் வேறு சிலர். நான் முதலாவது கட்சி. "விசர் வேலை பாக்காதேயும்" என்று சொன்னேன்.

"ஒளிச்சு வைச்சால் மெஷின் சத்தத்துக்கும் நான் பயப்பிடவேணும்" என்றீர். "வருத்தத்துக்குப் பயப்பிடுறதே எனக்குப் போதும்."

பதிந்தீர். உழைப்பது இவ்வளவு என்று எழுதியும் கொடுத்தீர். கொஞ்ச நாளில் வைத்தியப் பரிசோதனைக்கு வரச்சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை ஊரில் இல்லை. நீர் முழுகி, தலையை வாரி, கிளிப்பச்சைப் பட்டுச்சேலை உடுத்து, சங்கிலியும் போட்டுக்கொண்டு வந்தீர். அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே. மொழிக்கு நான் கூட வந்தேன், ஹோட்டலில் பொறுக்கிய பிரெஞ்சோடு. அந்த டொக்டர் அம்மா எழுந்து கை கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். என் உதவி தேவைப்படவில்லை. உமக்குத் தெரிந்த பிரெஞ்சிலேயே வாய் நிறையச் சிரித்து, "நல்ல சுகம், நன்றி" என்றுவிட்டீர்.

கையைப் பொத்தச் சொன்னார், பொத்தினீர். தூக்கச் சொன்னார், தூக்கினீர். சட்டையை யார் தைத்தது என்று கேட்டதற்கு, நெஞ்சைத் தொட்டு நான்தான் என்றீர். மெத்ரோவில் திரும்பி வரும்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. "சுகமோ எண்டு கேட்டால் சுகம் எண்டுதானே சொல்லுறது. முன்பின் தெரியாத மனுசியிட்டை நோவைக் கொண்டுபோய்க் கொட்டுறதே?" என்று கேட்டீர். சுகம் என்றே அந்த டொக்டர் அம்மா எழுதியிருந்தார். உதவிப்பணம் நின்றுபோனது.

அந்தக் குளிர்காலம் கொடியது. சிவப்புத் துண்டைக் கிழமைக்கணக்கில் காணவில்லை. வீட்டுக்காரன் வாடகை கேட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினான், அறையை விட்டுப் போ என்கிற பேச்சும் வந்தது. நான் சோறும் குழம்பும் கொண்டுவந்து ஊட்டிவிட்ட நாட்கள் உண்டு. திரும்பவும் பாருங்கள் என்று மனுப்போட்டு, இன்னொரு நாள் எடுத்தோம். இம்முறை பழைய உடுப்பு போடும், கையில் துணியைச் சுற்றும், நொண்டி நொண்டி வாரும் என்று உமக்குப் பாடம் எடுத்தேன்.

உமக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்குத்தான். "என்ரை வருத்தம் உண்மையப்பா. அதுக்கு என்னத்துக்கு நாடகம்?" என்றீர். பிறகு, நான் தைக்கத் தந்திருந்த கத்தரிப்பூத் துணியை எடுத்துத் தரச் சொன்னீர்.

சட்டையின் இடது கையை, விரல்களின் வீக்கம் இறங்கியிருந்த ஒரு நாளில் தைத்தீர். வலது கையை, மாப்பிள்ளை வந்திருந்த நாளில் தைத்தீர். நான் பக்கத்தில் இருந்தேன். துணி வழுகியது, ஊசி தடம் மாறிப் போனது, நீர் உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசிவரை ஓட்டி முடித்தீர். கை இறங்கிய பிறகும் பிரிக்கவில்லை. மேசையில் கிடந்த அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உம்முடைய கண் அந்தக் கோணலிலேயே போய் நிற்கும். பிரிக்கும் ஊசியை என்னிடம் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திரும் என்றீர்.

பரிசோதனை நாளன்றும் உம்முடைய கை நல்லாகவே இருந்தது. அதே பட்டுச்சேலை, அதே சங்கிலி. அதே டொக்டர் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். நீர் கிழமைக்கணக்காகப் பாடமாக்கிய பதிலை, ஒவ்வொரு சொல்லாக, பிரெஞ்சில் சொன்னீர். "இன்றைக்குப் பரவாயில்லை. நேற்று இல்லை. நாளைக்குத் தெரியாது." அதன் பிறகு பையில் இருந்து சட்டையை எடுத்து, உட்புறத்தை வெளியே திருப்பி, அதன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்தீர். இரண்டையும் தைத்தது ஒரே ஆள் என்று என்னைச் சொல்லச் சொன்னீர். சொல்லும்போது நீர் தலையைக் குனிந்துகொண்டீர். அவர் வலது தையல்மேல் விரலை வைத்து, தொடக்கத்தில் இருந்து முடிவுவரை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு, இப்படி நாட்கள் எப்படி வரும் போகும் என்று கேட்கத் தொடங்கினார். அவரும் கேட்டுக்கொண்டே இருந்தார், நீரும் சொல்லிக்கொண்டே இருந்தீர், எனக்குத்தான் பிரெஞ்சு முடிந்துபோனது.

உதவிப்பணம் திரும்ப வந்தது. தையலில் வருவதை நீர் சொல்ல, அதற்குத் தக்கபடி குறைத்துத் தந்தார்கள். நீர் கடைசிவரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. காசு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையின் அந்த வலது கையைப் பிரிக்கவேண்டும் என்று நின்றீர். நான் ஊசியைத் திருப்பித் தரவில்லை. கோணல் சட்டையோடு கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போய் உம்முடைய மானத்தை வாங்கினேன். எங்கே என்னைக் கண்டாலும் நீர் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான், பிறகுதான் முகத்தை.

இந்த மாசியில் நீர் போய்விட்டீர். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் இப்போது இருக்கும் சார்செலில் இருந்து ரயில் ஏறி வந்தேன். வழியில், பழக்கதோஷத்தில், அந்த நாலாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். யாரோ பூச்சாடி வைத்திருக்கிறார்கள்.

நேற்றுக் கல்யாணத்தில் தெரிந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்திருந்து, "எப்பிடி அக்கா, சுகமே?" என்று கேட்டாள். சுகம் என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டையின் அந்தத் தையல் கைக்குள் உறுத்தியது.

"இண்டைக்குப் பரவாயில்லை" என்றேன். "நேற்று இல்லை. நாளைக்குத் தெரியாது."

அவள் என் முழங்காலைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து, நல்லதொரு எண்ணெய் இருக்கிறது என்று தொடங்கினாள். நான் அவளைத் திருத்தவில்லை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.