மரங்கொத்தி ஏமாந்த சுவர்

ஜூன் 4

இன்சூரன்ஸ்காரர் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சுவரில் தேவதாருப் பலகை அடித்த வீடுகளுக்கு இனி இன்சூரன்ஸ் கிடையாதாம். கலிபோர்னியா மலையில் அப்படி ஒரு வீடு இருந்தால் அவர்கள் பார்வையில் அது வீடு இல்லை, விறகு. இலையுதிர் காலத்துக்குள் தீப்பிடிக்காத பலகைக்கு மாறினால் பார்க்கலாமாம்.

என் மனைவி நடீன் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "சுவர மாத்து. இல்லேன்னா வீட்ட வித்துட்டு நெப்ராஸ்கா கெளம்பலாம். ஷெரில் வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு."

ஷெரில் என் மச்சினி. காலை காபிக்கு முன்பே பக்திப் பாடல் பாடுகிறவள், அதுவும் கோரஸில் பின்பாட்டுக்காரர் பாடும் பகுதியை மட்டும். தீயா, மச்சினியா? சுவரை மாற்றுகிறேன் என்றேன்.

ஜூன் 9

கடையிலிருந்து மாதிரித் துண்டுகள் வாங்கி வந்தேன். பிளாஸ்டிக் பலகையும் "தீயைத் தாங்கும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். லைட்டரைக் காட்டினேன். பீட்சா மேல் சீஸ் மாதிரி உருகி என் செருப்பில் வழிந்தது. அடுத்தது சிமெண்ட் பலகை. அது எரியவில்லை, என் கட்டைவிரல் எரிந்தது.

"எது தரமான சரக்குன்னு தெரிஞ்சு போச்சு," என்றாள் நடீன், விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே.

சிமெண்ட் பலகையில் மரத்தின் ரேகையை அச்சாகவே வார்த்திருக்கிறார்கள். முடிச்சுகூட உண்டு. என் மாமனாரின் பல்செட்டைவிட நம்பும்படி இருக்கிறது.

ஜூன் 15

எங்கள் குடியிருப்பின் பெயர் தேவதாரு மேடு. இங்கே தேவதாரு ஒன்றுகூட முளைத்ததில்லை. அதனால்தான் குடியிருப்போர் சங்க விதியில் "வெளிச்சுவர் அசல் தேவதாருவாக இருக்க வேண்டும்" என்று எழுதி மானத்தைக் காப்பாற்றுகிறோம். விதிக்குக் காவல் பக்கத்து வீட்டு வெர்னா, வீடுகளின் வெளித்தோற்றத்தைக் கண்காணிக்கும் குழுவின் தலைவி. நான் பலகை அளப்பதை வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டாள்.

"கிளைட், குழு அனுமதி இல்லாம வெளிச்சுவர்ல கை வெக்கக் கூடாது. தெரியும்ல?"

"சிமெண்ட் பலகை போட்டா என்ன சொல்வீங்க?"

"சிமெண்டா? இது குடியிருப்பா, ஜெயிலா?"

"சும்மா கேட்டேன். பழச எடுத்துட்டுப் புதுசு போடப் போறேன், அவ்வளவுதான்."

"புதுசுன்னா சரி. போட்டுக்கோ."

பொய் சொல்லவில்லை. எந்தப் புதுசு என்று அவள் கேட்கவில்லையே.

ஜூலை 22

வேலை முடிந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து, தட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். வெர்னாவும் வந்தாள். வெயிலில் கொதித்துக் கிடந்த சிமெண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"பாத்தியா? மரம்னா மரம்தான். இந்த வெதுவெதுப்பு வேற எதுல வரும்?"

நடீன் சிரிப்பை அடக்க உள்ளே ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

செப்டம்பர் 12

மரங்கொத்திகள் வந்துவிட்டன. வருஷா வருஷம் நடப்பதுதான் – மேடு முழுக்க எல்லார் சுவரிலும் ஓட்டை போட்டு, குளிர்காலத்துக்கு ஓக் கொட்டைகளைச் செருகி வைக்கும். ஒன்று என் சுவருக்கும் வந்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. பிறகு தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. கள்ள நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் வங்கிக் காசாளரின் பார்வை.

செப்டம்பர் 14

வெர்னா கேட்டேவிட்டாள். "எல்லார் சுவரும் சல்லடையா இருக்கு. உன் வீட்ல மட்டும் ஏன் பறவ ஒக்கார மாட்டேங்குது?"

"எங்கள அதுக்குப் புடிக்கல போல."

"எனக்குந்தான் ஒன்னப் புடிக்கல. நான் வர்றேன்ல?"

செப்டம்பர் 15

மரங்கொத்தி போட்ட மாதிரி நாமே ஓட்டை போட்டுவிடலாம் என்று ஏறிய ஏணி மேல், கையில் துளைக்கும் இயந்திரத்தோடு நடீனிடம் பிடிபட்டேன்.

"தீ வரக் கூடாதுன்னு சுவர் போட்டுட்டு, தீ போக வாசலும் வெக்கிறியா, மனுஷா?"

நடீன் சொன்னது நியாயம். ஓட்டை போடவில்லை. ஓக் கொட்டைகளைப் பசை போட்டு ஒட்டினேன். ஐம்பத்துமூன்று வயது. கல்லூரிப் படிப்பு வேறு.

செப்டம்பர் 27

வெர்னா குழுவோடு வந்தாள். ஒரு கொட்டையைப் பிடித்து இழுத்தாள். பசை நூலாக நீண்டுகொண்டே வந்தது. எல்லோரும் அது அறும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு: சிமெண்டைப் பிடுங்கிவிட்டு அசல் தேவதாரு போட வேண்டும்.

போட்டால் இன்சூரன்ஸ் இல்லை. போடாவிட்டால் சங்கம் விடாது. நடீன் ஷெட்டிலிருந்து அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்தாள்.

அக்டோபர் 8

பாத்திரங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் காபி.

அக்டோபர் 11

காற்று – மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீப் புகை – எல்லோரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூட விளையாட்டரங்கில் இருக்கிறோம். அடுத்த கட்டிலில் யார்? வெர்னாவேதான். மடியில் பூனை. விதிப் புத்தகத்தை எடுத்து வரவில்லை. அதைச் சொல்லிக் கேலி செய்ய வாயெடுத்தேன். அவள் வீட்டுச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேலியை விட்டுவிட்டுப் பூனையைத் தடவினேன். கீறிவிட்டது.

அக்டோபர் 15

திரும்பிப் போக விட்டார்கள். நெருப்பு மேட்டுக்குள் நடந்து வரவில்லை. பொறியாகப் பறந்து வந்திருக்கிறது. வெர்னா வீட்டுப் பின்சுவரின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் காய்ந்த கொட்டை இருந்தது. பறவைகள் பொறுமையாக அடுக்கி வைத்த தீப்பெட்டி. சமையலறையும் படுக்கையறையும் கரி. முன்சுவர் மட்டும் நிற்கிறது, அசல் தேவதாருவாக.

எங்கள் வாசல் மிதியடி சாம்பல். ("எல்லாத்தையும் யோசிச்சியே!" – நடீன்.) ஒட்டியிருந்த கொட்டைகள் எரிந்து உதிர்ந்திருக்கின்றன. அவை இருந்த இடத்தில் சுவரெங்கும் கருப்புப் பொட்டு. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெர்னா சுவரருகே வந்து, ஒரு பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு," என்றாள் நடீன்.

நவம்பர் 9

வெர்னா என் காபியைக் கழுநீர் என்கிறாள். அவள் பூனை என் நாற்காலியை எழுதி வாங்கிக்கொண்டுவிட்டது. நேற்றுக் குழுக் கூட்டம் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் நடந்தது. விதியில் ஒரே ஒரு திருத்தம்: "அசல் தேவதாரு" என்பது "தேவதாரு போல" ஆகிவிட்டது. முன்மொழிந்தது யாரென்று நான் எழுதப் போவதில்லை. என் டைரியையும் அவள் எட்டிப் பார்க்கக்கூடியவள்.

நவம்பர் 16

நடீன் பெட்டிகளைப் பிரித்துவிட்டாள். ஆளுக்கொரு கோப்பை. அந்தத் தெம்பில், சுவரில் உள்ள கருப்புப் பொட்டுகளைக் கழுவலாமென்று வாளியும் தூரிகையுமாக ஏணியில் ஏறினேன். எங்கள் விருந்தினர் அறை ஜன்னல் திறந்தது.

"கிளைட், எறங்கு. குழு அனுமதி இல்லாம வெளிச்சுவர்ல கை வெக்கக் கூடாது."

"சரி, அனுமதி குடுங்க."

"குடுக்க மாட்டேன். அந்தப் பொட்டெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்," என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.