அவசரப்பட்டுக் கொடுத்த படகு

வாலரூ,
செப்டம்பர் 14

அன்பு மகள் மெரினுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம், நாய்க்குத்தான் காதில் சீழ். டப்ளின் குளிரில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதியதைப் பார்த்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கிறாள், அதனால் விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்களே, அதில் வெள்ளணுக்கள் ஏகமாக இருந்து, மேலும் சோதித்ததில் எனக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பயப்படாமல் படி, உன் பங்குக்கும் சேர்த்து நானே பயந்தாயிற்று. டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னபின் மீதி எதுவும் என் காதில் ஏறவில்லை. அம்மாவிடம் மூச்சு விடாமல் நேரே பக்கத்து வீட்டு டார்சியிடம் போய், விஷயத்தைச் சொல்லி, படகை நீயே வச்சுக்கோ, எனக்கு இனிமே எதுக்கு என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒன்பது நாள் கழித்து அவன் ஒரு வாளி நண்டோடு வந்து, பாவம் லிண்ட்சே குடுத்த படகுல புடிச்சது என்று அம்மாவிடம் உளறிவிட்டான். நாப்பத்தோரு வருஷம் கூட இருக்கேன், எனக்கு முன்னாடி டார்சிக்கா சொல்லுவீங்க என்றாள். மறுநாள் காலை என்னை டாக்டரிடம் இழுத்துப்போகக் காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தாள்.

ரத்தநோய் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஒரு வகை வெள்ளணு காலம் முடிந்தும் சாகாமல் கூட்டம் சேர்க்கிறதாம், கிருமியோடு சண்டை போடவும் லாயக்கில்லையாம். எங்க கிழவங்க பௌலிங் கிளப் கமிட்டி மாதிரி என்றேன், அவர் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை. எனக்கு வந்திருப்பது மெல்ல நகர்கிற வகை. இப்ப மருந்து ஆரம்பிச்சு லாபமில்ல, மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் பாப்போம், வேணுங்கிறப்ப நல்ல மாத்திரை இருக்கு என்றார். சிலருக்குக் கடைசிவரை மருந்தே தேவைப்படாதாம். எடை குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ மட்டும் உடனே ஓடிவரச் சொன்னார். திரும்பி வந்து, வெட்கத்தை விட்டுப் படகைக் கேட்டேன். நீ செத்தா எனக்குப் படகு, பொழச்சா ஒண்ணுமில்லயா என்று கேட்டுவிட்டு டார்சி சாவியை நீட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் வலையை உதறினான்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. சொன்னபடி ஜனவரியில் வந்தால் போதும். எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வா, சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு, மறக்காதே. ஞாயிறுதோறும் அம்மா என் கழுத்தைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறாள். பார்த்து முடித்தபின்னும் கையை எடுப்பதில்லை. முடிந்ததா என்று நானும் கேட்பதில்லை.

நீ நெடுநாள் நிறைவாக வாழ வேண்டும் கண்ணு.

உன் அப்பா,
லிண்ட்சே