நலமா என்று கேட்டால்

லான்சிங்,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? யோசித்துப் பதில் எழுதுங்கள்.

கார் இடித்த பிறகு இன்சூரன்ஸ்காரர் போனில் விசாரித்தபோது, மரியாதைக்காக "நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படாதவர் வழக்குப் போட முடியாது என்று அதை வைத்தே நீதிமன்றத்தில் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நேற்று நான் வேலை பார்க்கும் சட்டமன்றக் குழுவில் அந்த வரம்பைத் தளர்த்தும் மசோதா வந்தது. நம் வட்டார உறுப்பினர் ரின்டலா பேசினார்.

"எங்க ஊர்க்காரன் சவப்பெட்டியில படுத்துக்கிட்டும் நல்லாயிருக்கேன்னுதாங்க சொல்லுவான். அதைப் போய் சாட்சின்னு எடுத்துக்கலாமா?"

எதிர்த்தவர்களும் சிரித்துவிட்டார்கள். குழுவில் மசோதா தேறியது. இனி முழுச் சட்டமன்றத்திலும் நிறைவேற வேண்டும். நான் எதையும் சுலபமாக நம்புகிறவள் இல்லை, இதை நம்புகிறேன். நிறைவேறினால் உங்கள் வழக்கையும் மறுபடி தொடுக்கலாம்.

வக்கீல் கூப்பிடுவார். தூண்டிலைப் பிடிக்க முடியவில்லை, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறாள் என்று அவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

என் கம்பளிக் கையுறையையும் அம்மா சுடும் ஏலக்காய் ரொட்டியையும் அனுப்புங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை போகவே மாட்டேன் என்கிறது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

கரின்