மண்ணீரல் பார்க்க வந்த பன்னிரண்டு பேர்

வவுனியா,
12.08.2000

தர்மிளாவுக்கு,

மூன்று வருடமும் நாலு மாதமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன், அது போதும். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வற்றாப்பளை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். உன் வீட்டிலுள்ள மற்ற ஆளின் சுகத்தை நான் கேட்கவில்லை. நீ எழுதும் கடிதங்களை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பது எனக்குத் தெரியும். நான் அவற்றைத் தொடுவதில்லை. ரொறன்ரோவில் உனக்கு இரண்டு மாதமாக மூக்கடைப்பு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

எழுத வந்த விஷயம் என் மண்ணீரல். சண்டையில் தண்ணீரூற்று வீட்டை விட்டு வெளிக்கிட்டு இடம் இடமாகத் திரிந்த காலத்தில் எட்டுத் தரம் மலேரியா வந்ததல்லவா, அதில் வீங்கியது வற்றவேயில்லை, இடது விலாவுக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி வந்து நிற்கிறது. இருபத்தைந்து வருடம் விலங்கியல் படிப்பித்துக் கிடைக்காத மரியாதை இப்போது இதனால் கிடைக்கிறது. இந்தக் கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியர்களுக்குச் சோதனை வைத்தார்கள், நோயாளியைக் கையால் தொட்டுப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சோதனை எடுத்தது டொக்டர் ஐயாத்துரை. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், விலங்கியலில் என்னைவிடப் பதினொரு புள்ளி குறைவு, எந்த மாவட்டத்துக் கோட்டாக் கணக்கில் அவன் மருத்துவப் படிப்புக்கு உள்ளே போனான், நான் ஏன் வெளியே நின்றேன் என்பதை இங்கே எழுதித் தாளை வீணாக்கவில்லை. நோயாளியும் புள்ளி போட வேண்டும் என்பது அவனுடைய ஏற்பாடு. பெயர் சொன்னாரா, திரையை இழுத்து மறைத்தாரா, கையைச் சூடாக்கினாரா, நோகப்பண்ணினாரா என்று ஆளுக்கு ஒரு தாள், ஆம் அல்லது இல்லை, அடியில் என் கையெழுத்து. ஒரு தாளில் மூன்று குறை விழுந்தால் அந்தப் பிள்ளை ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம்.

மொத்தம் பன்னிரண்டு பேர். முதலாவது பிள்ளையின் கை ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்ததுபோல. அடுத்தடுத்து வந்தவர்கள் நேரே விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்குகிறார்கள். கை மண்ணீரலின் முதுகிலேயே கிடக்கும்போது விளிம்பு எப்படித் தட்டுப்படும்? தூரத்திலே, வலது அடிவயிற்றில் தொடங்கி, மூச்சுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அது தானாக வந்து விரலில் இடிக்கும்வரை பொறுக்க வேண்டும். மண்ணீரலில் ஒன்றுமில்லை சேர் என்று ஒருவர் ஐயாத்துரையிடம் சொன்னபோது எனக்கு வந்த சிரிப்பில் வயிறு குலுங்கி மண்ணீரலும் சேர்ந்து குலுங்கியது, அதையும் அவர் காணவில்லை.

பதினோராவதாக வந்தது ரஜிதா. உன் புருசனின் தங்கை, எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் கதிரையில் ஏறி இருந்த கணபதியின் மகள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போய்ப் பெயர் சொல்ல மறந்தது, திரையை இழுக்கவும் மறந்தது. இரண்டு 'இல்லை' போட்டேன், உண்மையைத்தான் போட்டேன், ஆனால் கொஞ்சம் அழுத்திப் போட்டேன். பிறகு அந்தப் பிள்ளை இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, வலது அடிவயிற்றில் கையை வைத்தது. “மாமா, மூச்சை மெதுவா இழுங்கோ” என்றது. மற்றவர்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். கை மெல்ல மெல்ல ஏறியது, மண்ணீரல் வந்து இடித்தது, “நோகுதே மாமா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. அளந்து சரியாகச் சொன்னது. என் சேர்ட்டை இழுத்து மூடும்போது, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ, வயிறு முட்டுது எண்டு அண்ணி எழுதினவா என்று காதோடு சொன்னது. ஆக, என் வயிறு அரிசிப் பானையிலிருந்து ரொறன்ரோ போய் வவுனியாவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கடைசிக் கேள்வி, உங்களை முறையாக அழைத்தாரா. பென்சில் அதிலேயே நின்றுவிட்டது. நீ கொழும்பில் போய்க் கலியாணம் பதிந்த அன்று, இனி உன் சம்பந்தமான எந்தத் தாளிலும் அப்பா என்று கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவன் நான். இல்லை என்று போட்டால் மூன்று குறை. ஆம் என்று போட்டால் நான் அவளுக்கு மாமா, அதுவும் எழுத்தில், ஐயாத்துரையின் பைலில். அவன் எட்டிப் பார்த்து, “என்னடாப்பா, கேள்வி விளங்க உனக்கு முந்தியும் நேரமெடுக்கும்தானே” என்றான். சரியான விடைக்கு நான் ஒரு நாளும் புள்ளி வெட்டியதில்லை. முறை என்று பார்த்தால் அந்தப் பிள்ளை கூப்பிட்டது சரி. ஆம் என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

பன்னிரண்டு பேரில் நாலு பேர்தான் பாஸ், அதில் ரஜிதாவும் ஒன்று. தங்கை டொக்டராகிவிட்டாள் என்று சதீசிடம் சொல்லு. கணபதியோடு கதைக்கப்போகிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. மூக்கடைப்புக்கு வேதுபிடி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நல்லாயிருக்க வேண்டும்.

அம்மா பேனையோடு பக்கத்தில் நிற்கிறா, அடியில் அப்பா என்று எழுதட்டாம். சொன்ன சொல் சொன்னதுதான். ஒரு கிழமையில் இரண்டு தரம் தோற்க என்னால் முடியாது. கையெழுத்து இல்லாமல் அப்படியே ஒட்டித் தபாலில் போடப்போகிறேன்.