திருவிருந்துக்கு எழாத மனிதருக்கு

இந்த மாதம் திருவிருந்துக்குத் திராட்சைச் சாறு ஊற்றி வைக்கும் முறை என்னுடையது. இன்று காலை சபையின் பின்கட்டில் நின்று புட்டியைத் திறந்தேன். புளிப்பும் இனிப்புமான அந்த வாசனை வந்ததும் மற்றவர்களுக்குப் பக்தி வருமோ என்னவோ, எனக்கு உங்கள் மேல் எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய் இத்தனை காலம் ஆன பிறகும்.

என்னங்க, பரிசுத்தமாக வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவரைக் கட்டிக்கொண்டவளுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? ஈப்போவில் நம் சபையில் எல்லாரும்தான் பரிசுத்தத்தைப் பற்றிப் பாடினார்கள். பாடி முடித்ததும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். உங்களால் மட்டும் அப்படி முடியவில்லை.

அத்தை, உங்கள் அம்மா, இறந்த நாளை எப்படி மறப்பேன்? எழுபதுகளின் நடுவில், பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் உங்கள் தம்பி வீட்டு வாசலில். கடைசிக் காலத்தில் அத்தை ஞானஸ்நானம் எடுத்திருந்தார். ஆனாலும் தம்பி வீட்டில் இருந்தபோது வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருந்ததில்லை. கிறிஸ்தவ முறைப்படி புதைக்க வேண்டும் என்றீர்கள். தம்பியோ கொள்ளிச் சட்டியைக் கையில் எடுத்துவிட்டார். நீங்கள் அதைப் பிடுங்கி, வாளித் தண்ணீரை அதில் ஊற்றினீர்கள். நெருப்பு சீறி அணைந்தது. அன்று அதைப் பரிசுத்த வைராக்கியம் என்று நினைத்தீர்கள். அத்தையைப் புதைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று போதகர் எடுத்த வசனம், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்லும் வசனம். வரிசை வரிசையாக எல்லாரும் அப்பமும் சாறும் வாங்க எழுந்து போனார்கள். நீங்கள் எழவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "மொதல்ல தம்பிய பாக்கணும்" என்றீர்கள்.

பார்த்தீர்கள். மன்னிப்பும் கேட்டீர்கள். "நெருப்ப அணைச்சுட்டு இப்ப பொகையத் தேடி வரியாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவர் பின்பக்கமாகப் போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்தின சனிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். வண்டிச் சத்தம் லயத்தில் கேட்டாலே தம்பி ரப்பர்க் காட்டுக்குள் நடந்துவிடுவார். மறுநாள் சபையில் நீங்கள் மட்டும் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் உங்கள் முழங்காலைத் தாண்டிப் போக வேண்டும்.

போதகரும் வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்டுட்டீங்கல்ல? அதோட ஒங்க கடமை முடிஞ்சிருச்சு, பிரதர்." நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "சாரி சொல்லச் சொல்லலியே பாஸ்டர். ஒப்புரவாகத்தான சொல்லியிருக்கு? ரெண்டு பேரும் ஒண்ணாகணும்ல?"

பள்ளியில் என் வகுப்பில் இரண்டு பையன்கள் சண்டை போட்டால் கை குலுக்கச் சொல்வேன். முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு விரல் நுனியைத் தொடுவார்கள். சரி, போங்கடா என்று பாடத்துக்குத் திரும்பிவிடுவேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? இதை உங்களிடம் உதாரணமாகச் சொன்னேன். "அதெல்லாம் ஒனக்குச் சரி டீச்சர், பெல் அடிச்சிரும்ல?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கே உங்களை இரண்டு நாள் பட்டினி போட்டிருக்க வேண்டும்.

சபையில் பேச்சுக் கிளம்பாமல் இருக்குமா? பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் அம்மாள் ஒரு நாள் காதருகே வந்து, "என்ன டீச்சர், சார் இன்னிக்கும் எழும்பலியே? ஏதும் பொம்பள வெவகாரமா?" என்றாள். "அவருக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது அக்கா, சனிக்கிழமையெல்லாம் தோட்டத்துக்குப் போயிடுறாரே" என்றேன். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசமாகிவிட்டது என்று புரிந்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. நம் மகள் வேதபாடம் முடித்துத் திடப்படுத்தல் பெற்று முதன்முதலாகத் திருவிருந்து எடுத்தாள். வெள்ளை உடுப்பில் முழங்காலிட்டவள் திரும்பிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளின் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். அவள் பக்கத்தில் நான் மட்டும். வீட்டுக்கு வந்ததும், "அப்பா கெட்டவராம்மா?" என்று கேட்டாள். எனக்கு அன்றோடு பொறுமை தீர்ந்தது.

பள்ளி முடிந்த கையோடு பேருந்து பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. தம்பி வாசலில் உட்கார்ந்து ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தமில்லாமல் நான் நடந்து போனதால் ஓட அவருக்கு வழியில்லை.

"அண்ணனும் தம்பியும் சேந்து என் உசுர வாங்குறீங்க. ஒங்கண்ணன் இத்தன வருசமா திருவிருந்து எடுக்கல தம்பி. தெரியுமா?"

கத்தி நின்றது. "எடுக்கலியா? என்னாலயா?"

"ஒங்களாலதான். நீங்க சமாதானம் ஆகாம எடுக்கக் கூடாதாம்."

"மத்தவங்கெல்லாம் எடுக்குறாங்கல்ல? அவங்க வீட்டுல சண்டையே இல்லியா அண்ணி?"

"இருக்கு. இருந்தாலும் எடுக்குறாங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "அம்மாவுக்கு என் கையால நெருப்பு வைக்க முடியாம போச்சே அண்ணி. அத யாரு திருப்பித் தருவா?" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, முன்வரிசைகள் எழுந்து போய்க்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாகத் தம்பி உள்ளே வந்தார். வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் நேராக வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்திரிண்ணே. போய்ச் சாப்பிட்டு வா."

"கோவம் போயிருச்சா தம்பி?"

"எங்க போச்சு? அம்மா தெவசத்துக்கு வருசா வருசம் என் பக்கத்துல வந்து நில்லு. நீ கும்பிட வேணாம். தண்ணி ஊத்தாம நின்னா போதும். அப்பறம் தன்னால போயிரும்."

சபை முழுவதும் கேட்டிருக்கும். அவருக்கு மெதுவாகப் பேச வராது. நீங்கள் தலை குனிந்தபடி இருந்தீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான வார்த்தை என்று எனக்குத் தெரியும். படையல் போட்ட வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காதவர் நீங்கள். "வாரேன்" என்றீர்கள். பிறகு எழுந்து நடந்தீர்கள். நீங்கள் திரும்பி வரும்வரை தம்பி இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர் போல அந்தப் பெஞ்சில் கை வைத்திருந்தார்.

அதோடு எனக்கு நிம்மதி என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். வருடந்தோறும் திவசத்துக்குப் போய்க் கைகட்டி நின்றீர்கள். உங்கள் ஜெபத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டீர்கள். தம்பி போட்ட இலையில் உட்கார்ந்தீர்கள். சபையில் இப்போது வேறு பேச்சு. "சார் விக்கிரகத்துக்கு முன்னால நிக்கிறாராமே?" செயற்குழுவிலிருந்து உங்கள் பெயரை எடுத்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்கும் விளக்கம் சொல்லி வாய் வலித்தது எனக்குத்தான்.

போனவர் இந்தத் தொல்லையையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கும் தைப்பிங்கில் இருக்கும் என் தங்கைக்கும் சில மாதங்களாகப் பேச்சில்லை. தப்பு அவள் மேல்தான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பெல்லாம் அப்படியே போய்த் திருவிருந்து எடுத்திருப்பேன். போன மாதம் எல்லாரும் எழுந்தபோது என் கால் எழவில்லை. உங்கள் வேலைதான் இது.

நேற்று பேருந்தில் தைப்பிங் போனேன். அந்த ஊர் மழை பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடை இருந்தும் இடுப்புவரை நனைந்து, வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினேன். தங்கை பாதிக் கதவைத் திறந்தாள்.

"என்னக்கா இந்த மழையில? ஏதும் கெட்ட சேதியா?"

"இல்ல. நாளைக்குத் திருவிருந்து."

"அத்தான் போயும் ஒன்ன விட மாட்டேங்கிறாரு" என்று கதவை முழுதாகத் திறந்துவிட்டு, உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே உங்களை இன்னொரு முறை திட்டினேன். இந்த முறை அவளும் சேர்ந்துகொண்டாள்.