இடப்பக்கம் மாற்றி வைத்த குமிழ்

என் பிரியமுள்ள அத்தைக்கு,

சர்ச் பத்திரிகையில் உங்கள் நினைவாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் எழுதுகிறமாதிரி "பாசத்தின் சிகரமே" என்றெல்லாம் எனக்கு எழுத வராது. எழுதினாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். வடக்கே இந்த மயூர் விஹார் வீட்டின் சின்ன அடுக்களைக்குள் மாமியாரும் மருமகளுமாக எத்தனை வருஷம் முட்டிக்கொண்டோம்! அதனால் உங்களிடம் நேராகவே பேசிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

களைப்பாக இருக்கிறது, அத்தை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, வீங்கின காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் பேத்தி ரூத் காலேஜுக்குப் போய்விட்டாள். அவள் இதைப் படிக்கப்போவதில்லை. தமிழை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

உங்கள் மகனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போனதற்கு அடுத்த குளிர்காலத்தில், வேலைக்குப் போகிற வழியில் பனிமூட்டத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். தலைக்கு ஒன்றுமில்லை, காலுக்கு ஒன்றுமில்லை. வலது தோள் ரோட்டில் மோதினதில் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் பிய்ந்துவிட்டன. அந்தக் கை இப்போது தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. கழுத்தில் பட்டி கட்டி வயிற்றோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

டாக்டர் "பார்க்கலாம்" என்றார். நர்ஸ் வேலையிலேயே முடி நரைத்தவள் நான். டாக்டர்கள் எந்தக் குரலில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கை வராது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? தினமும் எண்ணெய் தேய்த்து, விரல்களை மடக்கி நீட்டி, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பேன். "லேசா சுடுத மாதிரி இருக்கு எஸ்தரு" என்பார். நானும் தலையை ஆட்டிவைப்பேன்.

மிச்சம் இருப்பது இடது கை. அதைப் பற்றி உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பிறவியிலேயே அவருக்கு அதுதானே வாட்டமான கை? நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளை இடது கையைச் சோற்றில் வைத்தால் "ஏல, நொட்டாங்கையால தொடாத!" என்று அகப்பைக் காம்பால் முட்டியில் போடுவீர்களாம். எழுத உட்கார்ந்தால் அந்தக் கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிடுவீர்களாம். பிள்ளையும் திருந்திவிட்டான் என்று எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் திருத்தின லட்சணத்தைக் கேளுங்கள். யாராவது காபி நீட்டினால் இடது கையால் வாங்கக் கூசினார். சர்ச்சில் திருவிருந்து வாங்கப் போவதையே நிறுத்திவிட்டார். "போதகர் கிட்ட நொட்டாங்கைய நீட்டச் சொல்லுதியா?" என்று என்னைக் கேட்டார். ஸ்பூன் கொடுத்தால் அதையும் அந்தக் கையால் பிடிக்கமாட்டேன் என்று ஒரே அழிச்சாட்டியம். நான்தான் ஊட்டினேன். ராத்திரி முழுக்க வார்டில் ஊட்டிவிட்டு வந்து, வீட்டிலும் ஊட்டினேன்.

அவர் வேலை பார்க்கிற கிளப் மைதானத்துப் புல்வெட்டும் வண்டி ஞாபகம் இருக்கிறதா? டிராக்டர் குட்டி போட்டமாதிரி, சிவப்பாக, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஒருநாள் உங்களைக் கூட்டிப்போய் அதன்மேல் உட்காரவைத்தோம். "புல்லு வெட்டுதவனுக்குச் சிம்மாசனமாக்கும்!" என்று மூக்கில் விரலை வைத்தீர்கள். அந்தச் சிம்மாசனம்தான் பறிபோகும்போல் ஆகிவிட்டது.

மேனேஜர் நல்ல மனிதர். மழைக்காலம் வரப்போகிறது, புல் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரே கையால் ஓட்டிக் காட்டினால் வண்டி உனக்கு, இல்லையென்றால் ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு அங்கே உட்கார், சம்பளம் குறையாது என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் நான் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் பண்ணினேன், அத்தை. நிழலில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு கவலை குறையுமே. ஆனால் உங்கள் மகனுக்கு அது இறங்கவில்லை. டிவி ஓடும், பார்க்கமாட்டார். "அந்த வண்டியில ஏற முடியலன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார். ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் உட்காரவைத்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அவரே திரிலோக்புரிப் பக்கம் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிற சர்தார் குர்மீத் பாஜியைப் பிடித்தார். பாஜி வந்து முன் சக்கரங்களுக்குக் காற்று ஏற்றி, ஸ்டீயரிங்கின் கீழே அசைகிற இடங்களிலெல்லாம் கிரீஸ் அடைத்தார். அதிலேயே பாதிக் கனம் போய்விட்டது. அப்புறம் டிராக்டர்காரர்கள் வைக்கிற குமிழ் ஒன்றை ஸ்டீயரிங் வளையத்தில் கவ்வவைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கினார். குமிழ் உள்ளங்கைக்குள்ளேயே சுழலும். பிடியை விடாமல் ஒரு கையால் முழுசாகத் திருப்பலாம். கத்தியைத் தூக்குகிற லீவர் மட்டும் சீட்டுக்கு வலது பக்கம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, இடது கையைக் குறுக்கே நீட்டி இழுத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினார்கள்.

ஓட்டிக் காட்டுகிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். நேராக அழகாகத்தான் போனார். மைதானத்து ஓரம் வந்ததும் வலது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினார். குமிழ் கீழே இறங்க, பட்டியில் கிடக்கிற கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் இந்த நல்ல கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு மடங்கவும் இல்லை, விலகவும் இல்லை. பெடலிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி கல்வாழைப் பாத்திக்குள் ஏறிவிட்டது.

மேனேஜர் கோபப்படவில்லை. "கோயி பாத் நஹீ, செல்வின்" என்று, பரவாயில்லை என்கிறமாதிரி அவர் முதுகைத் தட்டிவிட்டு, ஸ்டோர் ரூம் சாவி எடுக்க ஆபீசுக்கு நடந்தார். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

நான் வண்டிகிட்டே ஓடினேன். ஸ்டீயரிங்கைப் பார்த்ததும் சுருக்கென்றது. வார்டில் ஒரு கை விழுந்த நோயாளிக்குத் தண்ணீர் டம்ளரை நல்ல கை இருக்கிற பக்கம்தானே வைப்போம்? இங்கே குமிழ் வலது பக்கம் இருந்தது.

"இத யாரு இந்தப் பக்கம் வைக்கச் சொன்னது? பாஜியா?"

"பாஜி லெஃப்ட்லதான் வைக்க வந்தாரு. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"ஏன்? உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"கை வந்துட்டா மறுபடியும் கழட்டி மாத்தணும்லா எஸ்தரு. அதான், முதல்லயே வலது கைக்குத் தோதா இருக்கட்டும்னு..."

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. அவர்மேலா, உங்கள்மேலா, அந்தப் பாழாய்ப்போன பனிமேலா என்றெல்லாம் தெரியவில்லை. தோட்டக்கார மாலிகள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள், நான் நசுங்கின கல்வாழைக்கு நடுவில் நின்று கத்துகிறேன். "வராத கைக்கு வண்டியத் தயார் பண்ணாதீங்க! இருக்கிற கைக்குப் பண்ணுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வராதா?" என்று கேட்டார்.

"வராது" என்றேன். வார்டில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் என் உயிர் போய் வந்தது.

மெட்ரோவில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு ஊட்டப் போனேன். "வை, நானே பாத்துக்கிடுதேன்" என்றார். நான் அடுக்களையிலேயே நின்றுகொண்டேன். எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

மறுநாள் அவரே மேனேஜரிடம் போய் இன்னொரு தடவை கேட்டிருக்கிறார். பாஜியைக் கூப்பிட்டுக் குமிழை இடது பக்கம் மாற்றிக்கொண்டார். பட்டியை இறுக்கிக் கட்டி வலது கையை ஒதுக்கிவைத்தார். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற தரிசில் ஒரு வாரம் ஓட்டிப் பழகினார். அப்புறம் மேனேஜரும் நானும் பார்க்க ஓட்டினார். ஓரம் வந்ததும் வண்டி சொன்னபடி திரும்பியது. இந்தப் பக்கமும் திரும்பியது, அந்தப் பக்கமும் திரும்பியது. "உன் கணவருக்கு லெஃப்ட்தான் நல்லா வரும்போல, சிஸ்டர்" என்று மேனேஜர் ஹிந்தியில் சொன்னார். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் டியூட்டி முடிந்து வருகிற வழியில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். குர்மீத் பாஜி வந்திருந்தார். வண்டி அதிர்வதில் குமிழின் நட்டு கழன்று கழன்று வருகிறதாம். இறுக்கிப் பார்த்தார், வாஷர் மாற்றிப் பார்த்தார். அப்போது உங்கள் மகன் சொன்னார், "போல்ட்டு முனையச் சுத்தியலால அடிச்சு மழுக்கிடுங்க, பாஜி. நட்டு திரும்ப வெளிய வரக்கூடாது."

பாஜி யோசித்தார். "பாயிசாப், அப்படிப் பண்ணினா பின்னால கழட்டவே முடியாது. அறுத்துத்தான் எடுக்கணும். கை சரியாகிட்டா?"

நான் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"கழட்டுத வேல இனிமே வராது. அடிங்க" என்றார்.

பாஜி அடித்தார். உங்கள் மகன் குனிந்து, வளையம் ஆடாமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை, நீங்கள் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஊரார் பேச்சுக்குப் பயந்து அடித்தீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதைச் சத்தியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இனி அவர் அந்தக் கையால்தான் சாப்பிடுவார், அந்தக் கையால்தான் வாங்குவார், கொடுப்பார். எந்த வீட்டு விருந்திலாவது, எந்தப் பீடத்து முன்னாலாவது யாராவது ஒருத்தர் முகம் சுளித்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். நீங்களே எழுந்து வந்து சுளித்தாலும்தான்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத மருமகள்,
எஸ்தர்