பூஜ்யத்தில் தொடங்குபவர்கள்

மார்ச் 4
ரத்த வங்கியில் சேர்ந்து மூன்று மாதம். எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் என்று எல்லோருக்கும் என்மேல் கொஞ்சம் இரக்கம். கிளைகள் அனுப்பும் கொடையாளர் அட்டவணைகளை மூலப் பதிவேட்டோடு சேர்ப்பது என் வேலை. இன்று எண்ணிப் பார்த்தேன். சேர்த்த பிறகு 212 பேரைக் காணோம். எங்கே போனார்கள்?

மார்ச் 5
பிடித்துவிட்டேன்! கோப்பில் கொடையாளர் எண் 00417 என்றுதான் இருக்கிறது. அட்டவணைகளைச் சேர்க்கும் கணினி நிரல் அதைக் கூட்டிக் கழிக்கிற எண் என்று நினைத்து 417 ஆக்கிவிடுகிறது. பதிவேட்டில் 417 என்று யாருமில்லை. சத்தமில்லாமல் ஆளையே தூக்கிவிடுகிறது. ஒவ்வொரு நெடுவரிசையும் எழுத்தா, எண்ணா, தேதியா என்று முதலிலேயே பார்த்து, தவறினால் அட்டவணையை நிறுத்திவிட நிரலில் ஏழு வரி எழுதினேன்.

மார்ச் 9
நிறுத்தத்தான் செய்கிறது. நான்கு கிளைகளின் அட்டவணைகளும் வாசலிலேயே நிற்கின்றன. மேலாளர், "ஓடுற வண்டியை ஏம்மா நிறுத்துறீங்க? எடுத்துடுங்க அதை" என்றார். எடுத்துவிட்டேன். வீட்டில் பொரிந்து தள்ளினேன். "என்கிட்ட சொல்லி என்ன? அவர்கிட்ட சொல்லு" என்றார் கணவர். கோபமான கோபம். சரியாகச் சொல்லிவிட்டாரே, அதனால்தான்.

மார்ச் 12
மதியம் நர்ஸ் ஓடிவந்தாள். அறுவை சிகிச்சைக்கு ஒரு பெண், அபூர்வ வகை ரத்தம். "அக்கா, லிஸ்ட்ல ஒருத்தர்கூட இல்லக்கா!" மேலாளர் முகம் வெளிறிவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. ஏழு வரியையும் திரும்பப் போட்டேன். உடனே நின்றது. எண்ணை எழுத்தாகவே படி என்று மாற்றி ஓட்டினேன்.

மூன்று பேர்! மூன்றுமே பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள். முதன்முதலில் பதிந்தவர்கள் அல்லவா? நம்முடைய மூத்த கொடையாளர்களைத்தான் இத்தனை நாள் தொலைத்திருக்கிறோம். முதல் ஆள் போனை எடுக்கவில்லை. இரண்டாமவர் பேருந்து நடத்துநர். "டூட்டி முடிஞ்சிருச்சும்மா, இதோ வரேன்." சீருடையோடேயே வந்தார்.

முகம் கழுவிக்கொண்டு வந்து, பிறகு அழுதேன். வரிசை மாறிவிட்டது. பரவாயில்லை.

மார்ச் 13
"கண்ணைத் திறந்துட்டாங்கக்கா!"

ஏப்ரல் 2
மேலாளரே தயாரித்த அட்டவணை இன்று நின்றுவிட்டது. வயது நெடுவரிசையில் ஒருவருக்கு 'நாற்பது இருக்கும்' என்று எழுதியிருந்தது. என் மேசைக்கு வந்தார். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா, விட்டுடலாமா?" நான் நிமிர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

"சரி சரி. போன் போட்டு வயசைக் கேட்டுட்டு வரேன்."